நேர்ந்துவிட்ட முடி

சேட்டு தலைக்குக் கலர் ஏற்றிக்கொண்டு வந்த அன்று அவன் அம்மா வடிவு அவனோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். தட்டைத் தரையில் டங்கென்று வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

தலையும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தோல் தெரிய ஒட்ட வெட்டி, நடுவில் மட்டும் நீளமாக விட்டு, அந்த நடுமுடிக்குப் பழுத்த பலாச்சுளை நிறத்தில் கலர் ஏற்றியிருந்தான். ஒரு காதில் கடுக்கன், முட்டி கிழிந்த பேண்ட். காசு கொடுத்துக் கிழிசலை வாங்கி வந்த ஆளை வடிவு தன் ஆயுசில் அன்றுதான் பார்த்தாள். அக்கா செந்தாமரைக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. தலையில் பலாப்பழம் வெடித்திருக்கிறது, ஈ மொய்க்கப் போகிறது பார்த்துக்கொள் என்று அடுப்பங்கரையிலிருந்தே கேலி பண்ணினாள். சேட்டு கோபித்துக்கொள்ளவில்லை. ஷோக்கு என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டான்.

ஜவ்வாது மலையில் வேங்கப்பட்டு மாதிரி ஊருக்கு ஒரு தலையையே பார்த்துக்கொண்டிருக்க நேரம் ஏது? சாமை அறுக்க வேண்டும், புளி உலுக்க வேண்டும். கொஞ்ச நாள் பார்த்துச் சிரித்தார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். சேட்டு ஓட்டுவது குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சின்னச் சரக்கு வண்டி. மலையிலிருந்து புளியும் சாமையும் பலாவும் ஏற்றிக்கொண்டு சந்தவாசலுக்கு இறங்குவான். அங்கிருந்து சிமெண்டு, கல்யாணப் பாத்திரம், பந்தல் சாமான் என்று ஏற்றிக்கொண்டு மேலே வருவான். மஞ்சத்தலையன் வண்டி என்று அதற்குப் பேர் வந்தது. பேர் வந்ததில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமைதான்.

அவனை ரொம்ப நல்ல பிள்ளை என்று நான் சொல்ல வருவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கொல்லைக்கு வா என்றால் இடுப்பு வலிக்கிறது என்பான். டீவி ரிமோட்டுக்காக அக்காவோடு சண்டை போடுவான். வண்டிக்குள் அவன் அடித்து வைத்திருக்கும் சென்ட் வாசனையில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவனுக்குத் தலை சுற்றும். ஊர் உலகத்தில் இருக்கிற எல்லாப் பையன்களையும் போல ஒரு பையன். மாதா மாதம் சந்தவாசலில் அருள் வைத்திருக்கும் சலூனுக்குப் போய் முடியைச் சரி பண்ணிக்கொண்டு வருவான். கண்ணாடியைப் பார்த்தால் நிற்பான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

காவலூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு, வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் குனிந்து தலை சீவிக்கொண்டிருந்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வானம் பார்க்கிற பெரிய டெலஸ்கோப்பைப் பார்க்க வந்த ஒரு கூட்டம் காரை விட்டு இறங்கியது. வானத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு இவன் கண்ணில் பட்டான். ஒருத்தன் போனை எடுத்துப் படம் பிடித்தான். இவன் சீவுகிறான், தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறான், தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறான். அதற்கு ஒரு கோமாளி மியூசிக்கைச் சேர்த்து, மலை மேலயும் புள்ளிங்கோவா, சாமி காப்பாத்து என்று மேலே எழுதி ரீலாகப் போட்டுவிட்டான். போட்டவனுக்கு அத்தோடு வேலை முடிந்தது. இறங்கிப் போய்விட்டான்.

அந்த ரீல் மலையேறி வர ரொம்ப நேரம் ஆகவில்லை. செந்தாமரை ஊரில் பெண்கள் குழு நடத்தும் சாமை மில்லில் வேலை பார்க்கிறவள். அங்கேதான் கூட வேலை செய்யும் அருணா, இது உங்க சேட்டு தானேக்கா என்று போனை நீட்டினாள். முதலில் செந்தாமரைக்குச் சிரிப்புதான் வந்தது. தம்பி படத்தில் வந்துவிட்டானே! பிறகு கீழே எழுதியிருந்ததைப் படித்தாள்.

அதையெல்லாம் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. குளித்து எத்தனை மாசம் ஆச்சோ என்று ஒருத்தன். மூஞ்சைப் பார்த்தாலே தெரிகிறது கஞ்சா கேசு என்று ஒருத்தன். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்தால் பர்ஸைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொன்னாள் ஒரு புண்ணியவதி. எந்த ஊர் என்று தெரியாது, பேர் தெரியாது, அவன் குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. ஆனால் அவன் எப்படிச் செத்துப்போவான் என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அடப்பாவிகளா, தலை சீவினதற்கா இவ்வளவு!

செந்தாமரை அதற்குப் பிறகு போனைக் கீழே வைக்கவில்லை. படித்தால் வயிறு எரியும், படிக்காவிட்டால் கை அரிக்கும். மில்லில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதும் ஒரு கண் அதில்தான். புதிதாக ஒருத்தன் திட்டினால் அவன் யார், அவன் மூஞ்சி எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்ப்பாள். பெரும்பாலும் மூஞ்சியே இருக்காது, பூவோ புலியோ இருக்கும்.

சேட்டு முதலில் சிரித்தான். நம்மளயும் நாலு பேர் பார்க்கிறாங்க பார் என்றான். அடுத்த வாரம் வண்டி ஓட்டும்போது தொப்பி போட ஆரம்பித்தான். காவலூர் டீக்கடையில் நிறுத்துவதை விட்டான். மாசம் பிறந்தும் அருள் சலூனுக்குப் போகவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது, நான் பார்க்க அப்படியா இருக்கேன் என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.  கேலி பண்ணத் தெரிந்த செந்தாமரை அன்று அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. பெத்த தாய்க்கு இவன் எங்கே சோறு போடப் போகிறான், அந்தம்மா பிச்சைதான் எடுக்கணும் என்று எவனோ எழுதியிருந்தான்.  செந்தாமரை மில் மெஷினை நிறுத்தினாள். சாமை மாவு ஒட்டிய விரலாலேயே தட்டினாள். இது என் தம்பி, அந்த முடி எங்கள் அம்மா உடம்பு சரியாக வேண்டும் என்று காளியம்மாவுக்கு நேர்ந்துவிட்ட முடி, தெரியாமல் பேசாதீர்கள் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

வடிவுக்கு உடம்பு கல்லு மாதிரி இருந்தது. மழைக்காலத்தில் கொஞ்சம் முட்டி வலிக்கும், அவ்வளவுதான். பிறகு ஏன் இந்தப் பொய்? செந்தாமரையே அதை யோசித்துப் பார்த்தாள். மலையில் ஒரு ஆண்பிள்ளை முடி வளர்த்தால் யாரும் வாய் திறந்து கேட்க முடியாத காரணம் ஒன்றே ஒன்றுதான். அது சாமி முடி. அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவளுக்கு வேறு கேடயம் தெரியாது. கையில் கிடைத்ததை எடுத்துத் தம்பிக்கு முன்னால் பிடித்துவிட்டாள்.

பிடித்தது பலித்தது பாருங்கள், அதுதான் வினை. சாயங்காலத்துக்குள் காற்று திசை மாறிவிட்டது. மன்னிச்சிருங்க ப்ரோ என்றார்கள். கண் கலங்குகிறது என்றார்கள். கஞ்சா கேசு என்று எழுதினவனே இரண்டு கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மையைப் போட்டான். அப்படியானால் அந்தக் கலர் என்ன என்று ஒருத்தன் விடாமல் கேட்டதற்கு, அது மஞ்சள் பூசியிருக்கிறதுடா மடையா, அதுகூடத் தெரியாதா என்று வேறு ஒருத்தன் பதில் சொன்னான். செந்தாமரைக்கு அந்தச் சிரமமும் மிச்சம். தாய்க்காக முடி வளர்க்கும் மலைமகன் என்று ஒரு பக்கத்தில் புதிதாக ரீல் வந்தது. அதே டீக்கடை, அதே சீப்பு, அதே சிரிப்பு. மியூசிக் மட்டும் புல்லாங்குழல்.

வீட்டுக்கு ஓடிப்போய்த் தம்பியிடம் காட்டினாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. சேட்டு முழுவதையும் பார்த்தான். போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“இன்னாத்துக்குக்கா இப்டி எழுதுன?”

“அவனுங்க வாய அடைக்கத்தான். பாரு, இப்ப எவனாவது பேசறானா?”

“திட்டும்போது என் முடியத் தான் திட்னானுங்க. இப்ப இது என் முடியே இல்ல.”

செந்தாமரைக்கு அப்போது அது விளங்கவில்லை. நல்லது செய்தாலும் மூஞ்சி தூக்கிக்கொள்கிற ஜென்மம் என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

விளங்கவைக்க மாதையன் வந்தார். வேங்கப்பட்டின் ஊர்க்கவுண்டர். ஊர் வழக்கு, கல்யாணம், சாவு, திருவிழா எதுவும் அவர் சொல்லாமல் நடக்காது. மருமகள் போனில் அவரும் புல்லாங்குழல் ரீலைப் பார்த்துவிட்டிருந்தார். கையில் மஞ்சள் துணி. முகத்தில் கோபமும் சந்தோஷமும் கலந்து இருந்தது. சாமிக்கு முடி நேர்ந்துவிட்டு ஊருக்குச் சொல்லாமல் இருப்பார்களா, ஊரெல்லாம் பையனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வருத்தப்பட்டார். பிறகு வழக்கத்தைச் சொன்னார். நேர்ந்த முடியில் இனி கத்தரி படக்கூடாது, கலர் படக்கூடாது, வாசனை எண்ணெய் படக்கூடாது. சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. ஆடித் திருவிழாவில் காளியம்மன் முன்னால் ஊர் பார்க்க முடி இறக்க வேண்டும். சொல்லிவிட்டுச் சேட்டுவின் தலையில் அவரே அந்த மஞ்சள் துணியைக் கட்டினார். அவன் குனிந்து கொடுத்தான். பெரியவர் கையைத் தட்டிவிட முடியுமா?

அவர் போனதும் செந்தாமரை அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பொய்தான் எழுதினேன், கோபத்தில் எழுதினேன், மாதையன் மாமாவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினாள்.  வடிவு முட்டியைத் தடவிக்கொண்டாள்.

“பொய்யோ நெசமோ, அவ பேரச் சொல்லி வாய உட்டுட்ட. அவ காதுல வுழுந்துச்சு. இனி அத்த இல்லன்னு நீ எப்டி சொல்லுவ?”

 செந்தாமரையும் அதை நம்புகிறவள்தான். மலையில் வாய்விட்டுச் சொன்ன வேண்டுதலுக்கு நாக்குத்தான் எழுதிக் கொடுத்த பத்திரம். அன்று முதல் வடிவுக்கு முட்டி வலித்தால் பயம், தும்மல் வந்தால் பயம். இராத்திரி பகல் என்றில்லாமல், என் தாயே, பிள்ளை செய்துவிடுவான், கோவிச்சுக்காதே என்று வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தாள். இல்லாத வியாதிக்கு நேர்ந்த வேண்டுதல், நன்றாக இருந்தவளைப் படுக்கையில் தள்ளிவிடும் போலிருந்தது.

சேட்டுவின் பாடோ வேறு மாதிரி. சந்தவாசலில் இதுவரை அவனை ஒரு மாதிரி பார்த்த மண்டிக்காரர்கள் இப்போது சாமி என்று கூப்பிட்டார்கள். ஒரு அம்மாள் தன் பேத்திக்குக் காய்ச்சல் என்று அவனிடம் திருநீறு பூசிவிடச் சொன்னாள். அவன் திருதிருவென்று முழித்துக்கொண்டு பூசிவிட்டு வந்தான். அடியில் கறுப்பு வளர்ந்துகொண்டே வந்தது, மஞ்சள் மேலே மேலே போயிற்று. எண்ணெய் காணாத முடி சாமைத்தாள் மாதிரி வறண்டு கிடந்தது. கண்ணாடி பார்ப்பதை அவன் நிறுத்திவிட்டான்.

ஒருநாள் மூட்டை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும்போது செந்தாமரையும் மில்லுக்குச் சாமான் வாங்கக் கூடப் போனாள். வளைவுகளெல்லாம் இறங்கி முடிந்ததும், முடி இறக்கினால்தான் என்னடா, ஆறு மாசத்தில் வளர்ந்துவிடாதா என்று தனக்கே சமாதானம் போலக் கேட்டாள்.

“வளரும். அதுக்கப்பறம் நான் கலரு உட முடியுமாக்கா? உட்டா இன்னா சொல்லுவாங்க? அம்மாவுக்காக முடி குடுத்த புள்ள கெட்டுப்போய்ட்டான்னுவாங்க. இனி நான் காலம் பூரா நல்லவனாவே இருக்கணும்.”

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் செந்தாமரைக்குச் சுரீரென்று பட்டது. திட்டினவர்கள் அவனை ஒரு தொப்பிக்குள் ஒளிய வைத்தார்கள். தான் ஒரேயடியாக அவனையே அழித்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அம்மாவுக்காக நான் இறக்கிவிடுகிறேன், அது பயந்து கிடக்கிறது, நீ விடு என்று அவனே அவளைத் தேற்றினான். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

ஆடித் திருவிழா வந்தது. வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள். கோயில் முன்னால் மேளம் கிழிந்தது. புல்லாங்குழல் ரீல் போட்ட பக்கத்திலிருந்தும் ஒரு இளைஞன் போனும் அதைப் பிடிக்கிற கோலுமாக வந்திருந்தான். தாய்ப்பாசத்தின் கடைசிக் காட்சியை எடுத்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. முடி இறக்க ஊர் சொல்லி அனுப்பியிருந்தது யாருக்கு என்றால், சலூன் அருளுக்கு. பாவம், தான் பார்த்துப் பார்த்துக் கலர் ஏற்றிய தலையைத் தானே மழிக்க வேண்டும். கத்தியைத் தீட்டிக்கொண்டே, இந்தக் கலர் மலையிலேயே ஒருத்தனுக்கும் இப்படி உட்காராது என்று பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தான்.

முதலில் கிடாய்கள். வேங்கப்பட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. கிடாயைச் சாமி முன்னால் நிறுத்தியதும் ஊர்க்கவுண்டர் இரண்டு கேள்வி கேட்பார். யாருது, யார் நேர்ந்தது என்று. கொண்டுவந்தவர் கயிற்றைத் தொட்டுக்கொண்டு, என்னுது, நான் நேர்ந்தது என்று சாமிக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். இரண்டுக்கும் பதில் வந்தால்தான் தீர்த்தம் தெளிப்பார்கள். ஒவ்வொரு கிடாய்க்கும் கேட்டார், ஒவ்வொருவரும் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்து செந்தாமரை இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அன்றுதான் அதைக் காது கொடுத்துக் கேட்டாள்.

பிறகு சேட்டுவைக் கூப்பிட்டார்கள். சட்டையில்லாமல் வேட்டியோடு வந்து உட்கார்ந்தான். மாதையன் மஞ்சள் துணியை அவிழ்த்தார். கறுப்புக்கு மேல் காய்ந்த மஞ்சளாகச் சரிந்து விழுந்தது முடி. வடிவு கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். போன்காரன் முன்னால் வந்து குந்தினான். மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு மாதையன் கேட்டார்.

“யாருது முடி?”

“என்னுது” என்றான் சேட்டு.

“யாரு நேந்தது?”

சேட்டு வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. ஊர் முன்னால், கீழே சந்தவாசலில், போனில், எங்கே வேண்டுமானாலும் பொய்யைச் சுமந்துவிடலாம் என்று நினைத்திருந்தவன், காளியம்மா முகத்துக்கு எதிரே அதைச் சொல்லப் பயந்தான். மாதையன் மறுபடி கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தில் சலசலப்பு கிளம்பியது. வடிவு கண்ணைத் திறந்து, சொல்லுடா, சொல்லுடா என்று உதட்டை அசைத்தாள்.

செந்தாமரைக்குக் கால் தானாக நடந்தது. போய்த் தம்பி பக்கத்தில் நின்றாள்.

“முடி அவன்து மாமா. நேந்தது நானு.”

மாதையனுக்குப் புரியவில்லை. புரியும்படி அவள் சொன்னாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்கு ஒரு வியாதியும் இல்லை, யாரோ வாய்க்கு வந்தபடி பேசினார்கள், தாங்க முடியாமல் சாமியை இழுத்தேன், எழுதின அன்று தம்பிக்கு இது தெரியவே தெரியாது என்றாள். அவன் கலர் அடித்தது அவனுக்குப் பிடித்ததால்தான், வேறு ஒரு காரணமும் இல்லை என்றும் சொன்னாள்.  கூட்டத்தில் ஒரு கிழவர், சாமியோடு விளையாடினார்களே பாவிகள் என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டு பேர் மொட்டையை அடித்து விடுங்கள், பேச்சு எதற்கு என்று குரல் கொடுத்தார்கள்.

செந்தாமரை மாதையனையே பார்த்துக் கேட்டாள்.

“அடுத்தவன் பட்டியில இருக்கிற கெடாவ நான் நேந்து உட்டா, அத்த நீங்க புடிச்சிகினு வருவீங்களா மாமா?”

 மாதையன் மெதுவாக யோசிக்கிற மனுஷர், ஆனால் நேர்மையாக யோசிக்கிறவர். இந்த வழக்கு முன்னால் வந்ததா என்று தன் அப்பன் காலம் வரைக்கும் நினைவைத் துழாவிப் பார்த்தார் போலிருந்தது. கூட்டமும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அருள் கத்தியைப் பிடித்த கையை இறக்கிவிட்டான்.

“மாட்டோம்” என்றார் கடைசியில். “அடுத்தவன்துமேல வாக்கு உட ஒருத்தருக்கும் பாத்தியத இல்ல. ஆனா உட்ட வாக்கு நிக்குதுமா. நேந்தவ தன்னுதத் தான் குடுக்கணும்.”

“என்னுத எடுத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு அவள் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த வருஷம் அது. மொட்டைத் தலையோடு எவன் முன்னால் போய் நிற்பாள் என்று கூட்டத்தில் பெண்கள் வாய்விட்டே சொன்னார்கள். அவள் காதிலும் விழுந்தது.  சேட்டு பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேணாங்கா, நான் எடுத்துக்கறேன், எனக்கு ஒன்றும் இல்லை என்று அழ ஆரம்பித்துவிட்டான். கம்முனு கெட என்று ஒரே வார்த்தையில் அவனை அடக்கினாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து அவளுடைய கொண்டையை அவிழ்த்தது. யார் என்று திரும்பிப் பார்த்தாள். வடிவு. அழுதுகொண்டே மகளுடைய முடியைச் சிக்கெடுத்து முதுகில் பரப்பிவிட்டாள். 

மாதையன் கேட்டார். என்னுது, நான் நேந்தது என்று செந்தாமரை இரண்டுக்கும் சேர்த்து, கணீரென்று சொன்னாள். தீர்த்தம் விழுந்தது. மேளம் மறுபடி எழும்பியது. அருள் அன்று மாதிரி என்றும் மெதுவாகக் கத்தி பிடித்திருக்க மாட்டான். முடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது. காற்று பட்டதும் தலை சில்லென்று ஆயிற்று. மழித்து முடித்ததும் வடிவு சந்தனத்தை அள்ளி அந்தத் தலையில் பூசினாள். பூசி முடித்து, முட்டியில் கை ஊன்றாமல் எழுந்து நின்றாள்.

போன்காரன் இது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தான். அவனுக்கு முகமே சரியில்லை. தாய்ப்பாசம் எடுக்க வந்தவனுக்கு என்ன தலைப்பு வைப்பதென்று தெரியவில்லை. இன்றைக்கு இரவு இது எங்கெல்லாம் போகும், அதன் கீழே என்னவெல்லாம் எழுதுவார்கள் என்று செந்தாமரைக்குத் தெரியும். அக்காவும் தம்பியும் நாடகம் போட்டார்கள் என்பார்கள், மொட்டைக்கும் ஒரு கலர் அடியுங்கள் என்பார்கள். அதை நினைத்தும் அவளுக்குக் கை அரிக்கவில்லை.

அவன் கோலை நீட்டிக்கொண்டு சேட்டுவிடம் வந்தான். கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டான்.

“அப்ப அம்மாவுக்காக நீங்க எதுவுமே பண்ணலையா ப்ரோ?”

சேட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். நெற்றியில் விழுந்த முடியைக் கையால் கோதிப் பின்னால் தள்ளிவிட்டுக் கொண்டு போனை நேராகப் பார்த்தான்.

“எங்கம்மாவுக்காக மூட்ட தூக்கறேன், வண்டி ஓட்றேன். முடி எனக்காக வச்சிகினு இருக்கேன்.”

 மேளச் சத்தத்தில் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று போன்காரன் கேட்டான். சேட்டு அக்காவைப் பார்த்தான். அவள் சந்தனம் வழியும் தலையோடு உட்கார்ந்து, மடியில் கிடந்த முடியை உதறிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுடா” என்றாள் செந்தாமரை. “நல்லா சத்தமா சொல்லு.”

அவன் இன்னொரு தடவை சொன்னான்.